வலது பக்கத்துக்கு ஓர் ஆள்

காலை 5.45. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து முல்லைத்தீவு பஸ் புறப்பட்டபோது என் பையில் பெயின்ற் நிற அட்டை ஒன்றுகூட இல்லை. பதினொரு ஆண்டுகளாக மாதம் இரண்டு தடவை இந்தப் பாதையில் இரும்புக்கடைகளுக்குப் பெயின்ற் விற்கப் போய் வருகிறவன் நான். விற்க எதுவும் இல்லாமல், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, போவது இதுதான் முதல் தடவை. ரிக்கெற் நானூற்றுச் சொச்சம். தூரம் நூற்றுப் பத்துக் கிலோமீற்றருக்குக் கிட்ட. போவது உதைபந்தாட்டம் பார்க்க என்று சொன்னபோது மனைவி, "ரீவியில பாக்கிறது காணாதோ?" என்று கேட்டாள்.

கேட்டதில் நியாயம் உண்டு. நானும் என் இரண்டு மகன்மாரும் இங்கிலாந்துக் கழகம் ஒன்றின் தீவிர ஆதரவாளர்கள். அந்தக் கழகம் யாரை விற்க வேண்டும், யாரை வாங்க வேண்டும், யாருடைய வாரச் சம்பளம் அநியாயம் என்பதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் தீர்மானித்து முடிக்கிறோம். அவர்கள் இதுவரை ஒரு தடவையும் எங்கள் சொல்லைக் கேட்டதில்லை.

என்னை அழைத்தவர் றவூப் நானா. முல்லைத்தீவில் இரும்புக்கடை வைத்திருப்பவர், என் பழைய வாடிக்கையாளர். அருகிலுள்ள கரையோரக் கிராமம் ஒன்றின் உதைபந்தாட்டக் கழகத்துக்கு அவர்தான் பொருளாளர். இந்தப் பயணத்தைப் பற்றி நான் எழுதினால் கழகத்தின் பெயரைப் போடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கூட்டிப் போனார். "வெண்டா எழுதலாம் தம்பி. தோத்தாலும் எழுதிப்போடுவீங்கள், அதுதான் பயம்" என்றார்.

முற்பகல் 11.30. அன்று பூநகரியில் அரையிறுதி ஆட்டம். கழகம் வாடகைக்குப் பிடித்த பஸ்ஸில் வீரர்கள் முன்னுக்கும் ஆதரவாளர்கள் பின்னுக்குமாக ஏறினோம். தலைக்கு அறுநூறு ரூபா. எனக்குக் கிடைத்த இருக்கை கோல்காப்பாளர் தாஸின் வலப்பக்கத்தில். முப்பத்தைந்து வயது, கரைவலை இழுக்கிற தோள்கள், பதினான்கு வருடமாக அதே கழகத்தின் கோலைக் காக்கிறவர். இரண்டு தரம் வணக்கம் சொன்னேன். மனிதர் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கனம் என்று முடிவுகட்டிவிட்டேன். மூன்றாம் தரம் தோளைத் தொட்டபோது உடம்பையே திருப்பிப் பார்த்தார். "குறை நினையாதேங்கோ அண்ணை, கவனிக்கேல்லை" என்றார். அதற்குப் பிறகு நன்றாகத்தான் கதைத்தார்.

வட்டுவாகல் பாலத்தில் எதிரே லொறிகள் வந்துகொண்டிருந்ததால் பதினைந்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. விவாதம் அங்கேதான் தொடங்கியது. தொடங்கியவர் றோசலின் அக்கா. கருவாட்டு வியாபாரம் செய்பவர், ஐம்பது வயதிருக்கும், கழகத்தின் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாதவர்.

"நானா, மன்னார்ப் பொடியனுக்கு இண்டைக்கு எவ்வளவு குடுக்கிறியள்?"

"நாலாயிரமும் பஸ் காசும்."

"எங்கட பிள்ளையளுக்கு?"

"அவையளுக்குப் பங்கு இருக்குத்தானே!"

அந்தப் பங்கு என்னவென்று நான் கேட்டேன். அந்தக் கரையில் ஒரு வழக்கம். ஆட்ட நாளில் வலை இழுக்க வராத வீரர்களுக்கும், வந்து கயிறு பிடித்தவர்களைப் போலவே, அன்றைய மீனில் ஒரு பங்கு ஒதுக்குவார்கள். மீன் பட்டால் சம்பளம். படாவிட்டால் கழகத்துக்காகச் சும்மா விளையாடியதோடு சரி. ஆனால் வெளியூர் வீரர்கள் மீனை நம்பி வருவதில்லை. இந்தத் தொடரில் ஓர் அணிக்கு இரண்டு வெளியாட்களை இறக்கலாம் என்று விதி இருந்தது. றவூப் நானா ஒருவரைத்தான் எடுத்திருந்தார். வலது பின்பக்கத் தற்காப்பில் விளையாட மன்னார்ப் பக்கத்திலிருந்து அந்தப் பொடியன். அவன் நேரே பூநகரிக்கு வந்துவிடுவான்.

"என்ர மகனைத் துரத்திப்போட்டெல்லோ அவனைக் கொண்டுவந்தனியள்" என்றார் றோசலின் அக்கா.

கதை பிறகுதான் முழுதாக விளங்கியது. அவருடைய மகன் நிறோஜன் இரண்டு வருடம் வலது பின்பக்கத்தில் விளையாடியவன். கழகத்துக்கு எதிராக விழுந்த கோல்களில் அநேகமானவை அவன் பக்கத்தாலேயே போயின. போன வருட இறுதி ஆட்டத்தில் இரண்டு கோலும் அப்படித்தான். தோற்ற கோபத்தில் சிலர் அவன் வீட்டுப் படலை வாசலில் வந்து நின்று ஏசினார்கள். முகநூலிலும் எழுதினார்கள். அவன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வவுனியாவில் அரிசி ஆலை ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

"பந்தைத் தொட்டு எட்டு மாசம். கோயில் பெருநாளுக்குக்கூட வீட்டை வரேல்லை. சனத்தின்ர முகத்தில முழிக்கேலாதாம்" என்று அக்கா என்னிடம் சொன்னார். "ஒருக்கா வந்து நிண்டிட்டுப் போனால் எனக்குக் காணும் தம்பி." கழகத்தின் கொள்கை பற்றி அவர் போட்ட சண்டையெல்லாம் இந்த ஒரு விசயத்துக்காகத்தான். அது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

பிற்பகல் 12.40. முப்பத்தைந்து கிலோமீற்றர் தாண்டித் தர்மபுரத்தில் ஒரு மூட்டை வெள்ளரிக்காயோடு செல்வராசா அண்ணை ஏறினார். வயல்காரர். மனைவி அந்தக் கரையோரக் கிராமத்தவர் என்பதால் சீதனத்தோடு கழகமும் வந்ததென்று சொல்லிச் சிரித்தார். வெள்ளரிக்காயை எல்லோருக்கும் முறித்துக் கொடுத்துக்கொண்டே விவாதத்தில் இறங்கினார்.

"எல்லா முறையும் விதைநெல்லை வெளியில வாங்கினா விவசாயம் செய்யேலாது நானா. கொஞ்சத்தைச் சேமிச்சு வைக்கோணும். பள்ளிக்கூடப் பொடியள் பத்துப் பேரை எடுத்துப் பழக்குங்கோ."

"விதை முளைக்க நாள் வேணும் அண்ணை. எனக்கு இண்டைக்கு மூண்டரைக்கு ஆள் வேணும். பழக்கின பொடியளும் எங்க நிக்கிறாங்கள்? ஒருத்தன் கட்டாரில வேலை, ஒருத்தன் கொழும்பில கடை. நல்லா விளையாடுறவனை யாழ்ப்பாணக் கழகம் சப்பாத்து வாங்கிக் குடுத்துக் கூட்டிக்கொண்டு போகுது. எங்களுக்கு ஒரு சதம் தந்தவையோ?"

யாழ்ப்பாணக்காரனான நான் வெள்ளரிக்காயில் கவனமாக இருந்தேன்.

அன்றைக்கு வந்திருந்த வீரர்கள், பூநகரியில் சேரவிருந்தவனையும் சேர்த்து, பதின்மூன்று பேர். பதினொருவர் இறங்கினால் மிச்சம் இரண்டு. "கோலுக்கு இன்னொராள் இல்லையோ?" என்று ஒரு நிபுணரின் குரலில் கேட்டேன்.

"ஆர் வருவினம்? ஓடத் தெரியாதவனும் முன்னுக்கு நிண்டு கோல் போடத்தான் ஆசைப்படுறான்" என்றார் றவூப் நானா. "எங்களுக்குத் தாஸ் இருக்கிறான், காணும்."

தாஸ் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பரந்தனில் பால்தேநீர், நூற்றிருபது ரூபா. அங்கிருந்து பூநகரிக்கு ஏறத்தாழ இருபத்தாறு கிலோமீற்றர். அறுவடை முடிந்த வயல்கள், பிறகு ஆளரவமில்லாத வெளி. சோழகக் காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளியது.

3.30. நுழைவுக் கட்டணம் நூறு ரூபா. நிழலுக்கு நாலு பூவரச மரங்கள். மைதானத்தைச் சுற்றி மோட்டார் சைக்கிள்களில் ஏறி நின்றபடி எழுநூறு பேராவது பார்த்திருப்பார்கள். ரீவியில் பார்க்கிற ஆட்டத்தில் வீரர்கள் மூச்சு வாங்குவது கேட்பதில்லை. இங்கே கேட்டது. முதல் பாதியில் எங்கள் அணி (அதற்குள் "எங்கள்" ஆகிவிட்டது) ஒரு கோல் போட்டது. தாஸ் இடப்பக்கம் பாய்ந்து இரண்டு பந்துகளைத் தடுத்த விதத்தைப் பார்த்து நான் எழுந்து நின்று கை தட்டினேன்.

இரண்டாம் பாதியில் எதிரணிக்காரன் ஒருவன் எங்கள் வலப்பக்க மூலையால் வந்தான். மன்னார்ப் பொடியன் அவனை ஓரத்துக்கு ஒதுக்கித்தான் வைத்திருந்தான். அவன் அங்கிருந்து அடித்த பந்து மெதுவாக உருண்டு போனது. தாஸ் அசையவில்லை. பந்து வலைக்குள் போன பிறகுதான் திரும்பினார். எல்லோரும் மன்னார்ப் பொடியனைப் பார்த்துக் கத்தினார்கள். நானும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, "அவனை மாத்துங்கோ! முதல்ல அவனை மாத்துங்கோ!" என்று கத்தினேன். அவன் திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தான். கடைசி ஐந்து நிமிடத்தில் இன்னொரு கோல் விழுந்து, இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் வென்றோம்.

மாலை 5.50. சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணம் போக அந்த நேரத்தில் பஸ் இல்லை என்றார்கள். பரந்தன் வரை அவர்களோடேயே திரும்பினேன். மன்னார்ப் பொடியன் தன் நாலாயிரத்தை வாங்கிக்கொண்டு மன்னார் பஸ்ஸுக்குப் போய்விட்டான். அதனால் அவனைப் பற்றி வாய்விட்டுக் கதைக்க வசதியாகப் போயிற்று. இன்னும் இரண்டு கிழமையில் இறுதி ஆட்டம். இவனை வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது. கிளிநொச்சியில் ஒருவன் இருக்கிறான், ஆறாயிரம் கேட்பான், கொடுப்போம். எல்லோரையும்விடப் பலமாகக் கத்தியவர் றோசலின் அக்கா. "என்ர பிள்ளையைவிட இவனென்ன திறம்? ஒரு உருட்டுப் பந்தை விட்டுப்போட்டு நிக்கிறான். காசையும் வாங்கிக்கொண்டு போறான், வெக்கமில்லாமல்."

தாஸ் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"அக்கா, அவனைப் பேசாதேங்கோ. அது அவன் விட்ட கோல் இல்லை."

"நீ ஏனடா அவனுக்குப் பரிஞ்சு கதைக்கிறாய்?"

"எனக்கு வலக்கண் தெரியாது அக்கா."

பஸ்ஸின் பின்பக்கத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்தினார்கள்.

"முதல் புகை மாதிரி இருந்தது. ஒண்டரை வருசமா ஒண்டும் தெரியாது. இடப்பக்கத்தால வாறதை எட்டிப் பிடிச்சிடுவன். வலப்பக்கத்தால வந்தா, கிட்ட வந்தாப்பிறகுதான். நிறோஜன்ர பக்கத்தால போன கோலெல்லாம் அப்படித்தான்."

"ஏன் சொல்லேல்லை?" றவூப் நானாவின் குரல் எழும்பவேயில்லை.

"சொன்னா ஆர் நிக்கிறது நானா? இன்னொராள் இல்லையெண்டு நீங்கள்தானே மத்தியானம் சொன்னனீங்கள்." பிறகு, "எனக்கும் விட மனமில்லை. அதையும் சொல்லத்தான் வேணும்" என்றார்.

றோசலின் அக்கா அவர் பக்கம் திரும்பினார். "உங்களிட்ட ஆளில்லாததுக்கு என்ர பிள்ளையோடா பலி?" என்று மட்டும் கேட்டார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து, இலக்கத்தை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி அவர் முன்னால் நீட்டினார். "நீயே சொல்லு."

தாஸ் சொன்னார். எதையும் குறைக்காமல், எல்லோருக்கும் முன்னால், பெரிய குரலில் சொன்னார். மறுபக்கத்தில் அரிசி ஆலை இயந்திரத்தின் சத்தம் கேட்டது. பையன் நடந்து வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

"கண்ணைக் காட்டினீங்களோ அண்ணை?"

"இல்லையடா."

"காட்டுங்கோ." பிறகு கேட்டான்: "அப்ப ஃபைனலுக்கு ஆர் கோலுக்க நிக்கிறது?"

றோசலின் அக்கா போனைப் பறித்து, "அதைப் பிறகு பாப்பம். நீ முதல் வீட்டை வா" என்றார். அவன் என்ன சொன்னான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. "ஓம்... ஓம்... சனிக்கிழமை" என்று அவர் சொன்னது மட்டும் கேட்டது.

6.35. பரந்தனில் இறங்கினேன். தாஸ் யன்னலால் கையைக் காட்டினார். அடுத்த பத்து நிமிடத்தில் யாழ்ப்பாண பஸ் வந்தது. ஆனையிறவு தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது: மன்னார்ப் பொடியனுக்கு யார் சொல்வது? அந்தக் கோல் தன்னால் போனதென்று நினைத்துக்கொண்டு அவன் எங்கேயோ ஒரு பஸ்ஸில் இருப்பான். வீட்டிலே மேசையைச் சுற்றி இருந்து நாங்கள் விற்றும் வாங்கியும் விளையாடுகிற வீரர்களின் காதுக்கு எங்கள் கதை எட்டாது. இவனுக்கு எட்டியது. என்னைத் திரும்பிப் பார்த்தானே.

றவூப் நானாவுக்குப் போன் எடுத்து அவனுடைய இலக்கம் கேட்டேன். "நாளைக்கு நான் சொல்லுறன் தம்பி" என்றார். இன்றைக்கே வேண்டும் என்றேன். தந்தார்.

இலக்கத்தைப் பதிந்துகொள்ளப் போனபோது கை நின்றது. இங்கிலாந்துக் கழகத்தில் வலப்பக்கம் விளையாடுகிறவனின் வாரச் சம்பளம், எந்த முழங்காலில் காயம், ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இவனுடைய பெயர் தெரியாது. நாள் முழுக்க நான் கேட்கவேயில்லை. பஸ்ஸில் ஒருவரும் சொல்லவுமில்லை.

பெயர் இல்லாமலே அழுத்தினேன். உடனே எடுத்தான். "ஆர் கதைக்கிறது?" என்று கேட்டான்.

"மைதானத்தில உங்களை மாத்தச் சொல்லிக் கத்தின ஆள்" என்றேன்.