இடுப்பில் ஒட்டிய கறுப்புத்தாள்

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் பசை நாற்றம் மாறாத புது சினிமா போஸ்டர். கதாநாயகன் ரத்தம் சொட்டும் அரிவாளோடு நிற்கிறான்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் எதிர்வீட்டுச் சுவரிலும் இப்படியொன்று ஒட்டினார்கள். நிலத்தகராறில் சித்தப்பாவை வெட்டிக் கொன்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. சித்தி வாசற்கதவைத் திறக்கவே நடுங்கினாள். அவள் போய்ப் புகார் சொன்னதும், தியேட்டர்காரர் வந்து, அரிவாள்காரன் பக்கத்தில் நின்ற நடிகையின் இடுப்பில் மட்டும் கறுப்புத்தாள் ஒட்டினார்.

"அருவாள மூடச் சொன்னா இடுப்ப மூடிக்கினு இருக்கியேபா!"

"இடுப்புதாம்மா ஆபாசம். அருவாளுக்குத் தடை கிடையாது."

சித்தி, வீட்டில் பட்டுநூலுக்குப் போட்டு மிஞ்சிய கறுப்புச் சாயத்தை வாளியோடு தூக்கிவந்து போஸ்டர் முழுக்க விசிறியடித்தாள்.

இன்று இங்கே பள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். போஸ்டரைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னாம்மா பண்றே?" என்று யாரோ கத்தினார்கள்.

கிழித்து முடித்துத்தான் திரும்பினேன்.