அடக்கிப் பழகியவன்

பிள்ளைகளா, போன வருஷம் வெயில் காலத்தில் அப்பா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சின்ன வேலை என்று சொல்லி உங்களை வர வேண்டாம் என்றேன். நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

அவனியாபுரத்தில் எங்கள் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் டிரைவர்களுக்கு இலவச உடல் பரிசோதனை வைத்தார்கள். ரத்தம், பிரஷர் பார்த்து முடித்ததும், வயிற்றுக்கு ஸ்கேன் என்று ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கொடுத்தார்கள். சிறுநீர்ப்பை நிறைந்தால்தான் படம் தெளிவாகத் தெரியுமாம். எனக்கு உடம்பில் ஒரு நோவும் இல்லை. கிளம்பிவிடலாம் என்று எழுந்தேன். கூட ஓட்டும் நண்பன்தான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

அரை மணி நேரத்தில் வரிசை முழுக்கக் கால்கள் ஆட ஆரம்பித்தன. "அண்ணே, சீக்கிரம் கூப்பிடச் சொல்லுங்க, வைகையில வெள்ளம் வந்துரும்போல!" என்று ஒருவர் கத்தினார். நான் மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீ என்ன மாப்ள, ஒட்டகமா?" என்றான் நண்பன்.

"பதினஞ்சு வருஷ சர்வீஸ் மாப்ள" என்றேன் பெருமையாக. சவாரிக்கு நடுவில் இறங்கி ஒதுங்க இடம் ஏது? அதனால் வந்தாலும் அடக்கிக்கொள்வேன்; பகலில் தண்ணீரே குடிக்க மாட்டேன்.

என் முறை வந்தது. இடது விலாவுக்குக் கீழே ஸ்கேன் கருவியை வைத்த டாக்டரம்மா, அதை அங்கிருந்து எடுக்கவே இல்லை.

"வலி இருக்காண்ணே?"

"இல்லம்மா."

"ஒரு நாளைக்கு எம்புட்டுத் தண்ணி குடிப்பீங்க?"

"காலையில ஒரு செம்பு, ராத்திரி ஒரு செம்பு."

"நடுவுல?"

"நடுவுல சவாரிம்மா."

அவர் சிரிக்கவில்லை. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் கல் அடைத்து, சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்றார். "சில பேருக்கு வலியே தெரியாதுண்ணே. இப்பவே வந்தீங்க, காப்பாத்திறலாம். இப்படியே விட்டிருந்தா ஒரு பக்கக் கிட்னியே போயிருக்கும்." பிறகு, "வீட்டுல பிள்ளைகளையாவது நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க, அடக்க விடாதீங்க" என்றார்.

படுத்தபடியே எனக்கு உன் தண்ணீர் பாட்டில்தான் ஞாபகம் வந்தது, மகளே. காலையில் நிரப்பிக் கொடுத்ததை நீ சாயங்காலம் அப்படியே கொண்டு வருவாய். கேட்டதற்கு, "ஸ்கூல் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லப்பா" என்றாய். "அடக்கிப் பழகு தாயி, அப்பா அப்படித்தானே இருக்கேன்?" என்று நான்தானே சொன்னேன்! கல் வலிக்கவில்லை. அந்த வார்த்தை வலித்தது.

கல்லை எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வீக்கம் வடிந்திருந்தது. இப்போது என் சீட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு பாட்டில் தண்ணீர் இருக்கும். சவாரி வந்தவர்கள் சலித்துக்கொண்டாலும் பெட்ரோல் பங்கில் நிறுத்திப் போய்விட்டுத்தான் வருகிறேன். ஒன்றுமில்லை என்று நாமே முடிவு செய்துகொண்ட இடத்தையும் ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது என்று அன்றைக்குப் புரிந்தது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு சனிக்கிழமை, உங்கள் தலைமை ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு, தனியாகப் பள்ளிக்கூடம் போனேன். பாத்ரூமின் மூன்று கதவுக்கும் தாழ்ப்பாள் மாட்டினேன். உன் உயரத்துக்குக் கை எட்டுமா என்று முட்டி போட்டு, ஒவ்வொன்றையும் உள்ளேயிருந்து ஒரு தரம் போட்டுப் பார்த்தேன்.