சோறும் குழம்பும் ஒரே பானையில்

தோழிகளே, இன்று கல்லங்குறிச்சித் தேர்த் திருவிழாக் கடையில் என் வீட்டுக்காரர் ஒரு மண்பானை வாங்கி வந்தார். உள்ளே நடுவில் சுவர் வைத்து இரண்டு அறையாக்கியிருந்தது.

“ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு. வெறகு பாதி மிச்சம்” என்றார்.

விறகு கிடைக்காத இந்த யுத்த காலத்தில் நானும் மயங்கிவிட்டேன். ரேஷன் அரிசியும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் சேர்ந்தே வெந்தன.

கஞ்சி வடிக்கப் பானையைச் சாய்த்தேன். கூடவே குழம்பும் ஓடிவிட்டது.

“வாங்குறப்ப, வடிக்கணுமேன்னு தோணலையாங்க?”

“தெனம் வடிக்கிறவ நீ. ஏத்துறப்ப ஒனக்கே தோணலையே!”

சிரித்துக்கொண்டே சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டோம். குழம்புக் கஞ்சி மாட்டுக்குப் போனது.

பானையைக் கழுவிக் காயவைத்து, ஒரு அறையில் உப்பைக் கொட்டியிருக்கிறேன். இன்னொரு அறை காலி. யோசனை இருந்தால் எழுதுங்கள். பானையைச் சாய்க்காத யோசனையாக இருக்கட்டும்.