படிக்கட்டுப் பக்கத்து டால்பின்

அச்சகத்தில் அவளை எல்லோரும் புரூஃப் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருடம் அடுத்தவர் எழுத்தில் பிழை பிடித்தே காலம் தள்ளியவள். ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. கட்டிக்கொண்டவரோ பஸ் டிரைவர். இருவரும் ஓய்வு பெற்ற கையோடு வீட்டை விற்று, ஒரு பழைய படகை வாங்கி, கரையை ஒட்டியே ஊர் ஊராகப் போக ஆரம்பித்தபோது சொந்தக்காரர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். மகள் மட்டும் ஞாயிறு தவறாமல் போன் செய்து, "இன்னும் மிதக்குறீங்களா?" என்று கேட்பாள்.

படகு வாங்கிய அன்றே புரூஃப் அம்மா ஒரு சட்டம் போட்டாள். இரண்டு பேரில் யாருக்குக் கண்ணோ காதோ புத்தியோ தடுமாறினாலும் படகை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். டிரைவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

இப்போது அந்தச் சட்டம்தான் அவள் தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருந்தது.

படகில் ஒரு நோட்டு உண்டு. வழியில் பார்க்கும் உயிர்களையெல்லாம் டிரைவர் அதில் எழுதுவார். கூடவே எந்தப் பக்கம் என்றும் குறிப்பார். தண்ணீரில் இறங்கி நாலு வருடமாகியும் அவருக்கு வலது என்றால் டிரைவர் பக்கம், இடது என்றால் படிக்கட்டுப் பக்கம். இருவரும் பார்த்ததுதான் கணக்கு. அவர் மட்டும் பார்த்ததாகச் சொன்னால் புரூஃப் அம்மா சிவப்புப் பேனாவால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவாள்.

மூன்று மாதமாகக் கேள்விக்குறிகள் பெருகிக்கொண்டே போயின. பாறை மேல் நீர்நாய் என்றார். அவள் பார்க்கவில்லை. தலை தூக்கிய ஆமை என்றார். அதையும் காணோம். போதாக்குறைக்கு, முதுகுத் துடுப்பு கிழிந்த டால்பின் ஒன்று துறைக்குத் துறை கூடவே வருகிறதாம். அவள் திரும்புவதற்குள் வெறும் தண்ணீர்தான் இருக்கும். மனுஷன் பொய் சொல்கிறவர் இல்லை. அப்படியானால் புத்தி பிசகுகிறதா? ஆனால் மணலில் தட்டாமல் படகைக் கழிமுகத்துக்குள் நுழைக்கிறாரே, அது எப்படி? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பயமாக இருந்தது.

அன்று ஞாயிறு. பதினோரு மணிக்கு மகள் கூப்பிடுவாள். அப்பாவைப் பற்றி இன்று சொல்லியே ஆக வேண்டும் என்று நினைத்து, ஆதாரத்துக்காக நோட்டை எடுத்துக்கொண்டு நங்கூரம் போட்டிருந்த படகின் பின்மேடையில் உட்கார்ந்தாள். கேள்விக்குறிகளை எண்ணினாள். இருபத்து மூன்று. பழக்கதோஷத்தில் அவற்றுக்குள் என்ன ஒற்றுமை என்று கண் தேடியது. ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் அது கை தவறியது அல்ல, எங்கோ கோளாறு இருக்கிறது என்று அச்சகத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

நீர்நாய், படிக்கட்டுப் பக்கம். ஆமை, படிக்கட்டுப் பக்கம். டால்பின், படிக்கட்டுப் பக்கம், படிக்கட்டுப் பக்கம். இருபத்து மூன்றும் அதே.

வலது கண்ணைக் கையால் மூடி, இடது கண்ணால் மட்டும் பார்த்தாள். நோட்டு இருந்தது, ஆனால் அதைப் பிடித்திருந்த விரல்கள் இல்லை. கரையும் இல்லை. சுற்றிலும் புகை மண்டிய மாதிரி இருந்தது. கையை எடுத்தாள், மறுபடி மூடினாள்.

டிரைவர் டீயோடு வந்து அவளுக்கு இடது பக்கமாக உட்கார்ந்தார். முதுகு வலி என்று சொல்லி மூன்று மாதம் முன்புதான் அந்தப் பக்கத்துக்கு மாறினார். டம்ளரை மட்டும் அவள் வலது கைப் பக்கம் வைத்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அவள் கையால் மூடியிருந்த கண்ணை அவர் பார்த்தார். "மூணு தடவ டம்ளரத் தட்டி விட்ட. மூணும் இடது பக்கம் வெச்சது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா படக வித்துடுவ. நீ போட்ட சட்டம்."

"அதுக்காக? உங்களப் பைத்தியம்னு நெனச்சிட்டிருந்தேன். தெரியுமா?"

"தெரியும். நெனச்சா நெனச்சுக்கோன்னு விட்டுட்டேன்."

அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "மூணு மாசம். முன்னாடியே காட்டியிருந்தா கண்ணு இவ்வளவு போயிருக்காதே. அத யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். தினமும் காலையில சொல்லிடணும்னு நெனப்பேன். நீ சந்தோஷமா ஸ்டியரிங்கப் புடிப்ப. எது சரின்னு எனக்கே தெரியல," என்றார். குரல் உடைந்தது. அவரை அடிக்கவா, கட்டிக்கொள்ளவா என்று அவளுக்கும் தெரியவில்லை.

போன் அடித்தது.

"அம்மா, இன்னும் மிதக்குறீங்களா? அப்பா எப்படி இருக்கார்? போன வாரம் ஏதோ சொல்ல வந்தியே."

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்லடி," என்றாள். "எனக்குத்தான். கண் டாக்டர்கிட்ட நாளைக்கே நேரம் வாங்கி வை. படக விக்கறதப் பத்தி அப்புறம் பேசலாம்."

போனை வைத்தாள். டிரைவர் மெதுவாக, "படிக்கட்டுப் பக்கம்," என்றார்.

இந்தத் தடவை அவள் கண்ணை மட்டும் ஓட்டவில்லை. உடம்போடு முழுசாகத் திரும்பினாள். பத்தடி தூரத்தில் டால்பின் மூச்சுவிட்டது. துடுப்பின் நுனி கிழிந்துதான் இருந்தது.

கேள்விக்குறிகளை அடிக்க அவள் சிவப்புப் பேனாவைத் தேடினாள். அது இடது கைக்குப் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது. டிரைவர்தான் எடுத்துக் கொடுத்தார்.