தண்ணி மட்டும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அம்மாவின் ஒரே தம்பியான மாமா, லண்டன் வால்தம்ஸ்டோவில் இருந்த ஒரு பிலிப்பீன்ஸ் சாப்பாட்டுக் கடைக்கு எங்களைக் கூட்டிப்போனார். புதுச் சாப்பாடு சாப்பிடப் போகிறோம் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். அந்தக் கடைக்காரம்மாவின் மகளும் மாமாவும் வயதானவர்களைப் பராமரிக்கும் ஒரே கெயார் ஹோமில் வேலை செய்தார்கள், மாமா அவளைக் கட்ட ஆசைப்பட்டார், அம்மா ஓம் என்றால்தான் காரியம் நடக்கும் என்பதெல்லாம் பெரியவர்களுக்குள் ஓடிய கதை.

வெளிக்கிடும்போதே அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

"நான் தண்ணி மட்டும்தான் குடிப்பன். இப்பவே சொல்லிப்போட்டன்."

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. சம்பந்தத்துக்கு மனம் ஒப்பும்வரை பெண் வீட்டுச் சோற்றில் கை வைப்பதில்லை, வைத்தால் சம்மதம். அது வீட்டுக்குத்தானே, கடைக்குமா என்று அப்பா கேட்டுப் பார்த்தார்.

"அவையின்ர அடுப்புத்தானே!" என்றார் அம்மா.

அம்மாவுக்கு வயிறு சரியில்லையாக்கும் என்று நினைத்த நான், அவருடைய பங்கையும் சேர்த்துச் சாப்பிடுவதென்று பஸ்ஸிலேயே முடிவு கட்டினேன்.

சின்னக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் சூடான சாப்பாடு. விரலால் காட்டினால் அள்ளி வைப்பார்கள். இப்போது எந்த நாட்டுச் சாப்பாடு என்றாலும் தேடிப் போகிறேன், சாப்பாட்டின் பெயர் தெரியாதவளுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை எங்கேயும் கண்டதில்லை. எல்லாவற்றையும் காட்டினேன். எங்கள் ரோல்ஸை மெலியவைத்தது போன்ற லும்பியா, உள்ளிப்பூண்டு மணக்கும் சோறு, வினாகிரியும் சோயாவும் விட்டு வற்றவைத்த கோழி. அதில் மிளகாய்த்தூளைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. ஆனாலும் ருசித்தது. அது எப்படி என்பதுதான் அன்றைக்கு என்னுடைய பெரிய கவலை.

கடைக்காரம்மாவுக்கு எங்கள் வழக்கம் எப்படித் தெரியும்? தன் கைப்பக்குவத்தில்தான் பிழை என்று எண்ணி ஒன்று மாற்றி ஒன்றாக அம்மாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"புளி விட்ட மீன், அக்கா. எங்கட சொதி மாதிரித்தான். ஒரு வாய்," என்றார் மாமா.

"எனக்குப் பசிக்கேல்ல."

அம்மா மறுக்காத ஒரே பொருள் தண்ணீர் என்பதை கடைக்காரம்மாவின் மகள் கண்டுபிடித்து, கிளாஸை நிரப்பிக்கொண்டே இருந்தாள். ஐஸ் பட்டுப் பல் கூசி, அம்மா ஒரு கணம் கன்னத்தைப் பிடித்தார். மாமா அதைக் கவனிக்கவில்லை, அப்பாவும் கவனிக்கவில்லை. அடுத்த கிளாஸ் ஐஸ் இல்லாமல், இளஞ்சூடாக வந்தது. அம்மா கிளாஸைப் பார்த்தார்; பிறகு அவளைப் பார்த்தார்.

எனக்கோ வயிறு முட்டிவிட்டது. தட்டில் பாதிச் சோறும் ஒரு கோழித் துண்டும் கிடந்தன.

"காணும் அம்மா. இனி ஏலாது."

அம்மா ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் என் முள்ளுக்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, மிச்சச் சோற்றைக் கையால் குழைத்து ஒரு வாய் வைத்தார். பிறகு இன்னொரு வாய்.

மாமா மெல்லுவதை நிறுத்திவிட்டார். "அக்கா... சாப்பிடுறியள்."

"பிள்ளை விட்ட மிச்சத்தை எறியிறதே? பழக்கதோசம்," என்றார் அம்மா. "உப்புக் கொஞ்சம் குறைவு."

மாமா கண்ணைத் துடைத்தார். வினாகிரி பட்டுவிட்டதென்று நான் டிஷ்யூ நீட்டினேன். கடைசியில் தன் கோழி வென்றுவிட்டது என்ற சந்தோசத்தில் கடைக்காரம்மா இன்னும் ஓர் அகப்பை வைத்தார். அதையும் அம்மா தடுக்கவில்லை.

வீட்டில் என் மிச்சத்தை அம்மா வழித்துச் சாப்பிடுவது வழக்கம்தான். ஆனால் கடைக்குப் போனால் அதைத் தொடவே மாட்டார். அப்பாவின் பக்கம் தள்ளிவிடுவார். அன்றைக்கும் அப்பா கையெட்டும் தூரத்தில்தான் இருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"வயிறு சுகமாயிட்டுதோ, அம்மா?"

அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.

"ஓம்," என்றார். "இப்ப பரவாயில்லை."