பாம்புக்காது

அந்த ஜெர்மன் டீச்சருக்கு மாணவிகள் வைத்திருந்த பட்டப்பெயர் பாம்புக்காது. ஒலிப்பதிவு ஓடும்போது பன்னிரண்டு பேரும் பேந்தப் பேந்த விழிப்பார்கள். டீச்சர் சட்டென்று நிறுத்துவார். "என்ன சொன்னான்? ரயில் இருபது நிமிஷம் லேட்டுன்னான். காதுல என்ன, பஞ்சா வெச்சிருக்கீங்க?" என்பார். அவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒலிப்பதிவில் உள்ளதெல்லாம் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அச்சாகியிருக்கிறது. முந்தின நாள் சாயங்காலமே அதை வரிவரியாக நெட்டுரு போட்டுவிடுவார். அவருடைய வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "பரீட்சை உனக்கா, அந்தப் பொண்ணுங்களுக்கா?" என்று சீண்டுவார். டீச்சருக்குச் சிரிப்பு வராது. வாசிப்பது, எழுதுவது, இலக்கணம் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. காதில்தான் ஏறாது. அந்த நாட்டில் அவர் கால் வைத்ததில்லை, கற்றுக்கொடுத்தவரும் வைத்ததில்லை. என்றாவது ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு அந்த ஊர்க்காரன் ஒருவன் வந்து நின்று மளமளவென்று பேசிவிடுவானோ என்று பத்தொன்பது வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார். ஒருமுறை வெளிநாட்டு விருந்தாளி வருகிறார் என்று பயிற்சி மையத்தின் முதலாளி சொன்னதும், இல்லாத காய்ச்சலுக்கு இரண்டு நாள் லீவு போட்டார்.

பயந்தது கடைசியில் கதவு வழியாக வரவில்லை, போனில் ஒரு செய்தியாக வந்தது. கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த வகுப்பறையில், பத்து மணி வகுப்புக்காக அவர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அனுப்பியவள் தலையாட்டி. எதைச் சொன்னாலும் புரிந்ததுபோல் தலையை ஆட்டுவாள், அதனால் அந்தப் பெயர். நர்ஸ். இவரிடம் படித்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"டீச்சர், எங்க ஹெட் நர்ஸ் எனக்கு அனுப்பின குரல் இது. நாலாம் ரூம் தாத்தாவைப் பத்தி ஏதோ சொல்றாங்க, ஒண்ணுமே புரியல. திரும்பக் கேட்டா எரிஞ்சு விழுவாங்க. அஞ்சு நிமிஷத்துல டூட்டி. என்னன்னு சொல்லுங்க டீச்சர், உங்களுக்குத்தான் பாம்புக்காதாச்சே."

நாற்பது வினாடிக் குரல். டீச்சர் மூன்று முறை கேட்டார். 'நாலு' கேட்டது. 'காலை' கேட்டது. 'மாத்திரை' கேட்டது. மற்றதெல்லாம் தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் ஒரே இரைச்சல். இதற்குப் புத்தகத்தில் கடைசிப் பக்கம் கிடையாது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரியாது என்று சொன்னால் பத்தொன்பது வருஷத்துச் சாயம் ஒரே நாளில் வெளுத்துவிடும். குருட்டாம்போக்கில் தட்டிவிட்டார்: "நாலாம் ரூம்காரருக்குக் காலை மாத்திரையை மறக்காம குடுக்கணுமாம்." அடுத்த நொடி பதில் வந்தது. "தேங்க்ஸ் டீச்சர்!"

அப்போதுதான் யோசனை வந்தது. தினமும் கொடுக்கிற மாத்திரையைக் கொடு என்று சொல்ல ஒரு ஹெட் நர்ஸ் எதற்கு நாற்பது வினாடி மெனக்கெட வேண்டும்? கொடுக்காதே என்று சொல்லியிருந்தால்? உடனே தலையாட்டியைக் கூப்பிட்டார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. டூட்டி நேரத்தில் போனைப் பூட்டி வைத்துவிடுவார்களாம், அவளே சொல்லியிருக்கிறாள். முகம் தெரியாத அந்தக் கிழவர் கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பது டீச்சரின் கண்ணுக்குள்ளேயே வந்து நின்றது. 'பாவி, மனுஷனைக் கொன்னுட்டியே' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

வருகைப் பதிவேட்டின் ஓரத்தில், அவசரத்துக்கு என்று தலையாட்டி கொடுத்திருந்த வார்டு போன் எண் இருந்தது. கூப்பிட்டால் பேசப்போவது அந்த ஊர்க்காரி. மாணவிகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். வெளியே போய்ப் பேசலாம் என்றால் மாடிப்படியில் சிக்னல் கிடைக்காது. அவசரத்தில் இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினார். மூன்றாம் முறை மணி அடித்தது.

ஒரு பெண் குரல் படபடவென்று கொட்டியது. டீச்சருக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. பிறகு, முதல் நாள் முதல் பாடமாக எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற அந்த வாக்கியம் வாயில் வந்தது. "தயவுசெய்து மெதுவாகப் பேசுங்கள். எனக்குப் புரியவில்லை." அந்த மொழியில் அதைத் தனக்காக அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் மெதுவானது. நாலாம் அறை, புது நர்ஸ், அவசரம் என்று உடைந்து உடைந்து சொல்லி முடித்தார். யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு தலையாட்டியின் குரல்.

"டீச்சரா? என்னாச்சு? மாத்திரை கைல இருக்கு, தாத்தா வாயைத் தொறந்துட்டார்."

"குடுக்காத! நான் சொன்னது பொய். எனக்கு அது புரியவே இல்ல. எப்பவுமே புரிஞ்சதில்லம்மா. போய் அந்த ஹெட் நர்ஸ்கிட்டயே கேளு, திட்டினா திட்டட்டும்."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பன்னிரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. மானம் கப்பலேறியது பற்றி அப்போது அவருக்குக் கவலையில்லை. அந்தக் கிழவர் பிழைத்தால் போதும் என்றிருந்தது. ஒரு பெண் தன் தண்ணீர் பாட்டிலை மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அரைமணி நேரம் கழித்து, பூட்டி வைத்த போனைக் கேட்டு வாங்கித் தலையாட்டி அனுப்பிய செய்தி வந்தது.

"குடுக்கவே கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க டீச்சர். இன்னிக்கு ஆபரேஷன், வெறும் வயிறு. அது சர்க்கரை மாத்திரை. நல்லவேளை கூப்பிட்டீங்க."

டீச்சர் மூச்சு விட்டார். அதற்குள் இன்னொன்று வந்தது.

"உங்களுக்கு எல்லாம் புரியுது, எனக்கு மட்டும் புரியலையே, நான்தான் மக்குன்னு ரெண்டு மாசமா பாத்ரூம்ல போய் அழுதுட்டு இருந்தேன் டீச்சர். இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"