பாயம்மா கொடுக்காத படம்

கோகுலாஷ்டமி வந்துவிட்டால் மயிலாப்பூரில் எந்த போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனாலும் வாசல் வரைக்கும் குட்டிக் கிருஷ்ணர்கள்தான் நிற்பார்கள். அப்படி ஒரு நாளில், குளத்தங்கரையில் பூ விற்கும் கோமளம் தன் மகள் கயலுக்குக் கண்ணன் வேஷம் போட்டு, மாட வீதிக்குப் பின்னால் சந்திலிருந்த ஜைதூன் பீயின் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனாள். மற்றப் பிள்ளைகள் தலையில் கல் வைத்த கிரீடம். கயல் தலையில் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, ஜிகினாத் தாள் ஒட்டிய கிரீடம். வரிசையில் நின்ற ஒரு குழந்தை அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கயலுக்கு உதடு பிதுங்கியது.

ஜைதூன் பீ கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். கல் வைத்ததெல்லாம் லைட் பட்டால் வெள்ளை வெள்ளையாகப் படத்தில் விழும், அட்டைக் கிரீடந்தான் அழகாக வரும் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். அதோடு விடாமல், சிரித்த குழந்தையின் தாயிடமே, "அந்தப் பாப்பாவாண்ட கொஞ்சம் கேட்டுப் பாருங்க, குடுத்தா உங்க புள்ளைக்கும் போட்டு எடுத்துடலாம்" என்றாள். அன்றைக்கு அந்த அட்டைக் கிரீடம் நாலைந்து தலை மாறியது. கயல் ராணி மாதிரி நின்று இரவல் கொடுத்தாள். லைட் விஷயம் முழுப் பொய்யா பாதிப் பொய்யா என்று கோமளம் பிறகும் கேட்டதில்லை.

கணவர் இனாயத் காலமான பிறகு கேமராவைத் தானே எடுத்துக்கொண்டவள் ஜைதூன் பீ. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் பாயம்மா. எப்படிப்பட்ட அழுமூஞ்சிக் குழந்தையும் அவள் முன்னால் சிரித்துவிடும். ஆனால் அத்தனை குழந்தைகளைப் படமெடுத்தவளின் கடைக் கண்ணாடிக்குள் ஒரு மனித முகம் கிடையாது. கோபுரம், தெப்பம், நொச்சிக்குப்பத்துப் படகுகள், பக்கத்து வீட்டுப் பூனை, அவ்வளவுதான். பாயம்மா கடையில் பூனைக்கு மட்டும்தான் போட்டோ எடுப்பாங்க போல என்று ஆட்டோக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

கோமளத்துக்கு மட்டும் தெரிந்த இன்னொரு விஷயம் உண்டு. அவள் பூக்கூடை வைத்து உட்காருவது அரச மரத்தடியில். பழசாகிப்போன சாமி படங்களைக் குப்பையில் போட மனமில்லாதவர்கள் அந்த மரத்தடியில்தான் கொண்டுவந்து வைப்பார்கள். காலையில் கடை திறக்கப் போகும் பாயம்மா அங்கே நின்று ஒவ்வொன்றாய்ப் பார்ப்பாள். எப்போதாவது ஒன்றை எடுத்து முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு போவாள். சாமி எங்கே போய் இருக்கணும்னு சாமிக்குத் தெரியும் என்று கோமளம் வாய் திறக்கவில்லை.

கயலின் படத்தை வாங்கப் போன அன்று கடையில் சுந்தரராமன் என்பவர் உட்கார்ந்திருந்தார். காலண்டர் அச்சடித்து விற்பவர். பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொள்ள வந்த இடத்தில், மேஜை மேலிருந்த கயலின் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கவே மனமில்லாமல் இருந்தார்.

"சாட்சாத் கண்ணனே வந்து ஒக்காந்துண்டிருக்கான். இந்த முகத்துக்கு நான் எங்கே போவேன்?" என்றார் கோமளத்திடம்.

அடுத்த வருஷத்துக் காலண்டருக்கு இந்தப் படந்தான் வேண்டும், நல்ல விலை தருகிறேன், அடையாறிலிருந்து திருவான்மியூர் வரைக்கும் பூஜை அறைகளில் உன் குழந்தைதான் இருப்பாள் என்று அவர் சொல்லச் சொல்ல, கோமளத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. வருஷக்கணக்காகக் குழந்தையில்லாமல் கண்ணனிடம் மடிப்பிச்சை கேட்டுப் பெற்ற பெண். அவள் முகத்துக்கு ஊரே விளக்கேற்றப் போகிறது என்றால், கூப்பிட்டு வருகிற வரமா அது? பாயம்மா படத்தைக் கவரில் போட்டாள். நாளைக்குச் சொல்கிறோம் என்று அவரை அனுப்பி வைத்தாள்.

அவர் படியிறங்கியதும் கோமளத்துக்குக் கோபம் வந்தது. "பெத்தவ நான் குடுக்கிறேன்னு சொல்றேன். உனக்கு இன்னா பாயம்மா? உன் சாமி இல்லைன்னு தானே தடுக்கிற?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாயம்மா முகம் சுளிக்கவில்லை. அவள் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போய் பீரோவைத் திறந்தாள். வெள்ளைத் துணியில் சுற்றி அடுக்கியிருந்தவை எல்லாம் சட்டம் போட்ட சாமி படங்கள். எல்லாம் ஒரே படம். வெண்ணெய்ப் பானையை அணைத்துக்கொண்டு, ஒரு முழங்காலை மடித்து உட்கார்ந்திருக்கிற குழந்தைக் கண்ணன். சிலவற்றின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கெட்டியாகியிருந்தன. சிலவற்றில் கற்பூரப் புகை. காலடியில் மட்டும் கண்ணாடி தேய்ந்து மங்கியிருந்தது, யார் யாரோ தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதில்.

கோமளம் தன்னையறியாமல் கை குவித்தாள்.

"கும்புடாத கோமளம். அது எங்க ஹஸன்."

பிறகு பாயம்மா சொன்னாள். ஹஸன் அவள் மூத்த மகன். சின்ன வயதில் பள்ளிக்கூட மாறுவேஷப் போட்டிக்குப் போட்ட வேஷம் அது. இனாயத் படமெடுத்தார். காலண்டருக்கு யாரோ கேட்டார்கள், பெருமையாகக் கொடுத்தார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. ஹஸன் வளர்ந்து ஏசி மெக்கானிக் ஆனான். ஒருநாள் அடையாறில் ஒரு பிளாட்டில் வேலைக்குப் போனவன், பூஜை அலமாரியில் தன் முகத்தைப் பார்த்தான். முன்னால் விளக்கு எரிகிறது, மேலே மல்லிகைச் சரம். அவன் அசையாமல் நிற்பதைப் பார்த்த அந்த வீட்டு அம்மாள், தன் பையன் பிழைப்பானா மாட்டானா என்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்தக் கண்ணன் காலைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தேன், இவன்தான் திருப்பிக் கொடுத்தான் என்று சொல்லி, அவன் கையில் பிரசாதம் வைத்தாள். அவன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டான். அது நான்தான் என்று எந்த வாயால் சொல்வது?

வீட்டுக்கு வந்து அவன் பேசியதைப் பாயம்மா அப்படியே சொன்னாள். "அந்தம்மா என் காலைப் புடிச்சுகினு அழுதுக்கீறாங்கம்மா. அன்னிக்கு நான் தெருவுல பம்பரம் வுட்டுகினு இருந்திருப்பேன். என்னாண்ட கேட்டது எனக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பையன் பொழைச்சுகினான், சரி. பொழைக்காத வூட்டுலயும் என் மூஞ்சி மாட்டியிருக்கும் இல்ல?"

அன்றைக்கே இனாயத் கடைக் கண்ணாடியிலிருந்த குழந்தைப் படங்களையெல்லாம் கழற்றினார். மரத்தடியில் மகன் முகம் மழையில் கிடக்கக் கூடாது என்று பொறுக்க ஆரம்பித்ததும் அவர்தான். அவர் போன பிறகு பாயம்மா.

கோமளம் குவித்த கையை இறக்கினாள். அவள் தினமும் எத்தனை பேர் கையில் பூ கொடுக்கிறாள். அந்தப் பூவோடு என்னென்ன வேண்டுதல் போகிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சாமி தாங்கும், அதற்குத்தான் சாமி. வீட்டுக்குப் போனால் கயல் கை சூப்பிக்கொண்டு தூங்குகிறாள், கன்னத்தில் வேஷத்து நீலம் இன்னும் லேசாக இருக்கிறது. முன்பின் தெரியாத வீடுகளில் நள்ளிரவில் அழுகிறவர்கள் எல்லோரும் இந்தச் சின்ன முகத்தைப் பார்த்து அழப்போகிறார்கள் என்று நினைத்தபோது, அவள் முந்தானையால் அந்த நீலத்தைத் துடைத்துவிட்டாள். அந்தப் பணம் பள்ளிக்கூடத்துக்கு ஆகும்தான். ஆனாலும் எதை எடுத்து எதற்குக் கொடுப்பது?

மறுநாள் மரத்தடிக்கே வந்த சுந்தரராமனிடம் முடியாது என்றாள்.

"பகவான் படத்துக்கு மாட்டேம்பாளா யாராவது?" என்றார் அவர்.

"படம் சாமியுதுதான். மூஞ்சி என் புள்ளையுது. நாளைக்கு வளந்து, ஏன் குடுத்தேன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

அவர் சிரித்தார். பூக்காரியிடம் வாய் கொடுத்து ஜெயிக்க முடியுமா என்று சொல்லி, ஒரு முழம் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வருஷக் காலண்டரில் கையால் வரைந்த கண்ணன் படந்தான் வந்தது. அதையும் கோமளம் வீட்டில் மாட்டினாள், பயமில்லாமல் கும்பிட்டாள். கயலின் படம் கவரோடு டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

கயல் வளர்ந்து பத்தாம் வகுப்புக்கு வந்த வருஷம், பாயம்மா கடையைக் காலி செய்துகொண்டு ஆம்பூரில் மகள் சிம்ரா வீட்டோடு இருக்கக் கிளம்பினாள். கம்ப்யூட்டரில் இருந்த குழந்தைப் படங்களை அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டாளாம். ஹஸன் படங்கள் மட்டும் அவளோடு போயின, அதே வெள்ளைத் துணியில்.

ஆட்டோ மரத்தடியில் நின்றது. கோமளம் கூடையில் இருந்ததிலேயே நெருக்கமாய்க் கட்டிய மல்லிகையை எடுத்துப் பாயம்மா மடியில் வைத்தாள். பிறகு, இன்றைக்கே கயலின் அந்தப் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வீட்டில் மாட்டப் போகிறேன், பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம் வரும் என்றாள்.

பாயம்மா பூவை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மாட்டு கோமளம். கயல் ஸ்கூல் வுட்டு வரட்டும். அவளாண்ட ஒரு வார்த்தை கேட்டுகினு மாட்டு."